ஒன்றை அழுத்துங்கள்

நாட்டின் தெற்கே இருக்கும் சீலோவே தீவுகளுக்கு நான் வந்து இறங்கியது ஜூன் மாதத்தில். பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்களுக்கு அது குளிர்காலத்தின் தொடக்கம். ரங்காகுவா நகரில் கணினிப் படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தேன். ஏதாவதொரு அரசு அலுவலகத்தில் நான்கு மாதம் பயிற்சி முடித்தால்தான் பட்டம் தருவார்கள். என்னோடு படித்தவர்கள் தலைநகரில் அமைச்சகங்களைப் பிடித்துக்கொண்டார்கள். படிவத்தைத் தாமதமாகக் கொடுத்த எனக்கு, யாருக்கும் வேண்டாமல் மிஞ்சிய ஒரு சின்ன நகராட்சிதான் கிடைத்தது.

அங்கே சமூகநலப் பிரிவின் தலைவர் நெல்சன் பாரியா. மழைக்கோட்டை அலுவலகத்துக்குள்ளும் கழற்றாத மனிதர். முதல் நாளே ஒரு தாளை என் முன்னால் வைத்தார். சுற்றுத் தீவுகளில் தனியாக வாழும் நோயாளிகள் நாற்பத்தொரு பேரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அதில் இருந்தன.

"செவிலியர் படகு ரெண்டு வாரத்துக்கு ஒருதடவைதான் போகுதும்மா. நடுவுல என்ன ஆனாலும் நமக்குத் தெரியறதில்ல. போன வருஷம் ஒருத்தர் செத்து ஒம்போது நாள் கழிச்சுத்தான் பாத்தோம். நீ கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு. ஏதாவது பண்ணு."

பண்ணினேன். மூலையில் தூசி படிந்து கிடந்த கணினி ஒன்றைத் துடைத்து, தினமும் காலை எட்டு மணிக்கு நாற்பத்தொரு பேரையும் தானாகவே அழைக்கும்படி ஒரு நிரல் எழுதினேன். குரல் கொடுக்க அலுவலகத்தில் எல்லாரும் கூச்சப்பட்டதால் நானே பேசிப் பதிவு செய்தேன். 'வணக்கம். நகராட்சியிலிருந்து அழைக்கிறோம். நலமாக இருந்தால் ஒன்றை அழுத்துங்கள். செவிலியர் வர வேண்டுமானால் இரண்டை அழுத்துங்கள்.'

படகில் போகும் செவிலியர் சாந்த்ரோ அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "யாஸ்னா, பஸ் வர்ற நேரம் சொல்ற மாதிரியே இருக்கு. அடுத்த பஸ் எப்போன்னு கேக்கப் போறாங்க பாரு."

வேலை நன்றாகவே நடந்தது. வேலைக்குப் பிறகு என்ன செய்வது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. ஆணி, கயிறு விற்கும் கடை ஒன்றின் மாடியில் அறை எடுத்திருந்தேன். ஐந்து மணிக்கு எல்லாரும் விறகடுப்பு எரியும் தங்கள் வீடுகளுக்குப் போய்விடுவார்கள். அன்பான மனிதர்கள்தான். ஆனால் அவரவர் கதவு அவரவருக்கு. சனிக்கிழமை மதியம் ரொட்டிக்கடையில் "நாலு கொடுங்க" என்று சொன்ன பிறகு, திங்கள் காலைவரை நான் வாய் திறக்காமலே இருந்த வாரங்கள் உண்டு. தகரக் கூரையில் மழை மட்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது வாரம் ஒரு பெயர் கண்ணை உறுத்தியது. ஒதிலியா சிகுவாய், ஐம்பத்தெட்டு வயது, தவுக்கேன் தீவு, இரத்த அழுத்தம். ஒரு நாள்கூட அவர் எந்த எண்ணையும் அழுத்தவில்லை. தினமும் 'பதில் இல்லை' என்றே பதிவாகியிருந்தது. ஆனால் அழைப்பு மட்டும் மூன்று நிமிடம், அதாவது இணைப்பு தானாகத் துண்டிக்கப்படும்வரை நீடித்தது. சோதனைக்காகப் போட்டிருந்த ஒலிப்பதிவை நிறுத்தாமல் விட்டிருந்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன்.

"வந்துட்டியா? இரு, கெட்டிலை எறக்கிட்டு வரேன்... ஆங். ராத்திரி பூரா காத்து. கோழிக்கூண்டுத் தகரம் எந்த நாட்டுக்குப் போச்சோ. அந்தக் கறுப்பாடு இருக்கே, வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்னுக்கிட்டு, எப்படி வர்றதுன்னு என்னையே கேக்குது. போனவளுக்கு வரத் தெரியாதா? திமிரு. அப்படியே என்னை மாதிரி. உன்கிட்ட ஒரு நல்ல குணம் இருக்குடி. குறுக்க பேசமாட்ட..."

சிரித்துவிட்டேன். அந்த ஊருக்கு வந்த பிறகு நான் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. பழைய பதிவுகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அதன்பின் அது வழக்கமாகிவிட்டது. எல்லாரும் வருவதற்கு முன்பே அலுவலகத்துக்கு வந்துவிடுவேன். எட்டே கால் மணிக்குக் காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஒதிலியாவைக் கேட்பேன். விதை உருளைக்கிழங்கைப் பிரித்து வைத்தது, அடுப்பில் பச்சை விறகு புகைந்தது, கனவில் பல் விழுந்தது என்று எல்லாவற்றையும் சொன்னார். சில நாள் ஒன்றும் பேசாமல் மூன்று நிமிடமும் மூச்சுவிட்டுக்கொண்டு மட்டும் இருப்பார். அதையும் கேட்டேன்.

ஜூலையில் ஒரு நாள் வழக்கத்தைவிடத் தாழ்ந்த குரலில் பேசினார். "எங்கம்மா செத்தப்ப நான் போகல. கடல் சரியில்லைன்னு தங்கச்சிகிட்ட சொன்னேன். கடல் அன்னைக்குக் கண்ணாடி மாதிரி கெடந்துச்சு. நான் இந்த ஜன்னல்கிட்டதான் உக்காந்திருந்தேன். சாயங்காலம் வரைக்கும் அது அப்படியேதான் கெடந்துச்சு."

அந்த மாதக் கூட்டத்தில் நெல்சன், பதில் சொல்லாதவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்றார். நான் அவசரமாக, "அந்தத் தீவுல சிக்னல் கோளாறு, நான் சரி பண்ணிடுறேன்" என்றேன். மறுநாளிலிருந்து தினமும் அவர் பேச்சைக் கேட்டுவிட்டு, அவர் பெயருக்கு நேரே நானே 'ஒன்று' என்று போட்டேன். பொய் என்று தெரிந்தேதான் போட்டேன். அவர் நலமாக இருந்தார், அது உண்மைதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை அவர் பேச்சு கொஞ்சம் குழறியது.

"இந்த எடது கை நேத்திலேர்ந்து சொன்ன பேச்சு கேக்கமாட்டேங்குது. ரெண்டு கப்பு போட்டு உடைச்சிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவாங்க. ஆட்டை யாரு பாக்குறது? நீ ஒண்ணும் சொல்லிடாத, என்ன?"

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். நேராக நெல்சனிடம் போனேன்.

"எப்படித் தெரியும் உனக்கு? இன்னைக்கு அவங்க பேருக்கு எதுவும் பதிவாகலையே."

எல்லாவற்றையும் சொன்னேன். ஒலிப்பதிவு, நான் போட்ட ஒன்றுகள், சிக்னல் பொய் எல்லாம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இதைப் பத்தி அப்புறம் பேசுவோம். மொதல்ல படகு" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

ஒதிலியாவுக்கு மூளையில் இரத்தம் உறைந்திருந்ததாம். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் பேச்சே போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னாராம். சாந்த்ரோ அதைச் சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினார். "ஒரு உசுரைக் காப்பாத்திட்ட."

"அவங்க ஏதாவது சொன்னாங்களா?"

"எப்படிக் கண்டுபுடிச்சீங்கன்னு கேட்டாங்க. ஆபீஸ்ல ஒரு பொண்ணு தினமும் கேக்குதுன்னு சொன்னேன். அதுக்கப்புறம் கரை வர்ற வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டாங்க. தூங்கல. சும்மா மூடிக்கிட்டாங்க."

பன்னிரண்டு நாள் கழித்து ஒதிலியா தீவுக்குத் திரும்பினார். மறுநாள் காலை எட்டு மணி அழைப்பு நான்கு நொடியில் முடிந்திருந்தது. ஒன்று. அதற்கடுத்த நாளும் ஒன்று. நெல்சன் என்னைப் பெரிதாகக் கடிந்துகொள்ளவில்லை. ஒலிப்பதிவை நிறுத்தச் சொன்னார். இதுவரை பேச்சு பதிவாகியிருந்தது என்பதை எல்லாருக்கும் தெரிவித்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அந்த வாக்கியங்களையும் என் குரலிலேயே பதிவு செய்தேன். அந்த வாரம் பட்டியலில் நாற்பத்தொரு பேரும் பதில் சொல்லியிருந்தார்கள். "பாத்தியா, நூத்துக்கு நூறு!" என்று நெல்சன் தாளை எல்லாரிடமும் காட்டினார்.

எட்டே கால் மணிக்குக் காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கேட்க ஒன்றும் இருக்காது.

பயிற்சியின் கடைசி வாரம், சாந்த்ரோவிடம் கெஞ்சிப் படகில் ஏறினேன். ஒதிலியாவின் வீடு கரையிலிருந்து ஏறும் சேற்று மேட்டின்மேல் இருந்தது. கதவைத் திறந்தவர் நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம். நான் "வணக்கம்" என்றேன். அந்த ஒரு சொல்லிலேயே என் குரலை அவர் கண்டுகொண்டார். முகம் இறுகியது.

"உள்ள வா. மழையில நிக்காத."

அடுப்பருகே உட்கார வைத்தார். உருளைக்கிழங்கு அடை ஒன்றைத் தட்டில் போட்டு என் பக்கம் தள்ளினார். இடது கை மடியிலேயே கிடந்தது. சாந்த்ரோ இரத்த அழுத்தம் பார்த்து, குறித்துக்கொண்டு, "படகுல இருக்கேன்" என்று நழுவினார்.

"மன்னிச்சிடுங்கம்மா" என்றேன்.

"எதுக்கு? உசுரோட இருக்கேனே."

"கேட்டதுக்கு."

அவர் விறகு ஒன்றை அடுப்பில் செருகினார். "மெஷின்னு நெனச்சுப் பேசினேன் பொண்ணே. ஆளுன்னு தெரிஞ்சிருந்தா நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு வெச்சிருப்பேன். ஆளுங்ககிட்ட அப்படித்தான சொல்லணும்."

"எனக்கு இந்த ஊர்ல யாரும் இல்ல. உங்க குரல் ஒண்ணுதான்..."

"அது உன் பாடு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "கடல் கதையையும் கேட்டியா?"

"கேட்டேன்."

"யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்ல."

"அதெல்லாம் இன்னும் எங்கயாவது இருக்கா?"

மடிக்கணினியை வெளியே எடுத்தேன். அவருடைய அழைப்புகளின் பதிவுகள் அதில் மட்டும்தான் இருந்தன. ஐம்பத்தெட்டு கோப்புகள். திரையை அவர் பக்கம் திருப்பினேன். ஒரு பதிவைப் போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, 'நிரந்தரமாக நீக்கவா' என்ற கேள்விக்குச் சரி என்றேன். ஒரு நொடிகூட ஆகவில்லை.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"சரி. அடை ஆறிடுது, சாப்பிடு."

சாப்பிட்டேன். அவர் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆடு எப்படி இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். எந்த முகத்தோடு கேட்பது? மழை கொஞ்சம் விட்டதும் கிளம்பினேன். வாசல்வரை வந்தார், கை அசைக்கவில்லை. நான் மேட்டில் பாதி இறங்குவதற்குள் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

படகில் சாந்த்ரோ, "என்ன பேசினீங்க?" என்று கேட்டார். இன்ஜின் சத்தத்தில் கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நெல்சன் என் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். என் நிரலைப் பக்கத்து இரண்டு நகராட்சிகள் கேட்கின்றன என்று பெருமையாகச் சொன்னார். அன்று மாலையே வடக்கே போகும் பேருந்தில் ஏறினேன். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. பேருந்தை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் படகுக்காகத் துறையில் காத்து நின்றபோது, அந்த ஐம்பத்தெட்டுப் பதிவுகளில் ஒன்றையாவது முதலிலிருந்து முடிவுவரை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். சொற்கள் வந்தன. குரல் வரவில்லை.