லைட் மீட்டர் முள்

சின்னவன் படங்களைத் திருத்தும் மென்பொருளைத் திறந்தால் கம்ப்யூட்டர் திரை மெல்ல மங்கியது. மூடினால் மறுபடி பளிச்சென்று ஆனது. கொஞ்ச நாளாகவே இதே கதைதான். வேறு யாராவது என்றால் திரையை நாலு திட்டுத் திட்டிவிட்டு ரிப்பேர்க்காரனைக் கூப்பிட்டிருப்பார்கள். சின்னவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் அப்பாவுக்குப் பார்வை போனது இப்படித்தான்.

அப்பாவும் போட்டோ ஸ்டூடியோக்காரர்தான். வலியில்லை, சிவப்பில்லை, வெளிச்சம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. பல்பு சரியில்லை என்று பல்பை மாற்றினார். வீட்டுப் பல்பையெல்லாம் மாற்றி முடித்த பிறகுதான் டாக்டரிடம் போனார். கண்ணுக்குள் அழுத்தம், போனது போனதுதான், இருப்பதைத்தான் காப்பாற்ற முடியும் என்றார் டாக்டர். இது குடும்பத்தில் வரும், பிள்ளைகளும் வருஷா வருஷம் வந்து காட்டுங்கள் என்றார். சின்னவனும் அவன் அக்காவும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். அதோடு சரி.

நாற்பது தாண்டி, தொப்பை சட்டைப் பொத்தானோடு சண்டை போட ஆரம்பித்தும் அவன் இன்னும் சின்னவன்தான். அப்பாவின் கடையை அவனும் அக்காவும் சேர்ந்து நடத்துகிறார்கள். படம் எடுப்பதும் கம்ப்யூட்டரும் அவன் பாடு. பிரிண்டை வெட்டுவது, ஆல்பம் கட்டுவது, வருகிறவர்களிடம் வாயாடுவது அக்கா பாடு.

அவளிடம் சொல்லாமலே அவன் கண் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து நேரம் வாங்கினான். பிறகு வேலை இருக்கிறதென்று தள்ளிப் போட்டான். மறுபடியும் தள்ளிப் போட்டான். கண்ணை மூடிக்கொண்டு உலகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம் பூனை. இவன் கண்ணைக் காட்டாமல் இருந்தால் நோயே இல்லை என்று நினைத்தான். இதற்குப் பூனையே தேவலை.

ஆனால் மங்கின திரையில் திருத்தின படம் எப்படி வரும்? முகங்கள் இருட்டாகத் தெரிந்தன என்று அவன் வெளிச்சத்தை ஏற்றினான். போதவில்லை என்று இன்னும் ஏற்றினான். ஒரு பள்ளிக்கூடத்து வகுப்புப் படங்கள் அச்சாகிப் போய்ச் சேர்ந்தன. ஒரு நாள் காலையில் தலைமையாசிரியை வந்து மொத்தக் கட்டையும் மேசை மேல் போட்டார்.

"என்ன சார் இது? பிள்ளைங்க எல்லாம் மாவு மில்லுல விழுந்து எழுந்து வந்த மாதிரி இருக்கு. முன் வரிசையில ஒருத்தருக்கும் மூக்கே காணோம்!"

"மெஷின் கோளாறுங்க மேடம். நாளைக்கு மூக்கோட தந்துடறோம்" என்று அக்கா கூசாமல் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. நாளை இல்லையென்றால் வேறு கடை பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சின்னவனுக்குக் கோபம் அக்கா மேல் திரும்பியது. "வெட்டும்போது நீயாவது பாத்திருக்கக் கூடாதா?"

"எனக்குப் பளிச்சுன்னு அழகாத்தான்டா தெரிஞ்சுது. அதுவும் பிரிண்ட் வெட்டற ரூம்ல லைட்டே பத்தல. வேற மாட்டு, வேற மாட்டுன்னு எத்தனை தடவ சொல்றேன்? காதுல வாங்கினாத்தானே."

வாய்ச்சண்டையில் அவளை ஜெயித்தவர் கிடையாது. அவன் எலெக்ட்ரிக் கடைக்குப் போய்ப் புது லைட் வாங்கி வந்து அந்த அறையில் மாட்டினான். ஏணியை விட்டு இறங்கிய கையோடு, இத்தனை நாள் கேட்கப் பயந்ததைக் கேட்டான்.

"அக்கா, இங்க வந்து திரையைப் பாரேன். இதைத் திறக்கறேன். இருட்டுதா?"

வரும் வழியில் கேமரா ஸ்டாண்டின் காலில் இடித்துக்கொண்டாள். "சனியனே, இதை நடுவுல யார் வெச்சது?" என்று அதைத் திட்டிவிட்டு வந்து நின்றாள். அது எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது. அவன் மென்பொருளைத் திறந்தான். அவன் பார்க்கப் பார்க்கத் திரை மங்கியது.

"இல்லையே. அப்படியேதான் இருக்கு."

"நல்லாப் பாருக்கா."

"நல்லாத்தான் பாக்கறேன். ஒண்ணும் ஆகல. நீ ஒழுங்காத் தூங்கு முதல்ல."

அவளுக்குத் தெரியவில்லை என்றால் திரையில் குறையில்லை, அவன் கண்ணில்தான். அப்பா கடைசிக் காலத்தில் ஆல்பத்தை மடியில் வைத்து, பக்கம் பக்கமாகத் தடவி, "இதுல யாரு நிக்கறா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. பார்வையில்லாத போட்டோக்காரனை யார் கூப்பிடுவார்கள்? அக்காவுக்கு யார் துணை? அன்றைக்கு அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் உட்கார்ந்தான். திரையின் வெளிச்சத்தை முழுக்க ஏற்றினான், அணைத்துப் போட்டான், வயரைப் பிடுங்கிச் செருகினான். மங்கல் போகவில்லை. மாலைக்குள் மூக்குகள் வந்தாக வேண்டும். கண்ணை நம்பித் திருத்த முடியாது. மேசை இழுப்பறையில் அப்பாவின் பழைய லைட் மீட்டர் இருந்தது. உள்ளங்கை அளவுப் பெட்டி, வெளிச்சம் எவ்வளவு என்று ஒரு முள் நகர்ந்து காட்டும். அது அங்கே இருப்பது அவனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனால் விளக்கைப் போட்டுப் பார்த்து, நிஜமாகவே பேய் நின்றுவிட்டால்? முள் அசையாவிட்டால் கோளாறு கண்ணில்தான் என்று ஆகிவிடும், அந்தப் பயத்தில்தான் எடுக்காமல் இருந்தான். இப்போது வேறு வழியில்லை.

மீட்டரைத் திரையோடு ஒட்டிப் பிடித்தான். வெள்ளைப் பக்கம் திறந்திருந்தது, முள் மேலே நின்றது. அதை ஒரு மூலைக்குச் சுருக்கி, மீட்டரை அதன் மேலேயே வைத்துக்கொண்டு, மென்பொருளைத் திறந்தான். அதன் கரும்பின்னணி மீதித் திரையை நிறைத்தது. மீட்டருக்கு அடியில் அதே வெள்ளைதான் இருந்தது. ஆனால் முள் மெல்ல, வெட்கப்படுகிற மாதிரி, கீழே இறங்கியது. மூடினான், ஏறியது. திறந்தான், இறங்கியது.

போன உயிர் திரும்பி வந்தது. தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தான். திரையின் அமைப்புகளைத் துழாவியதில் குற்றவாளியும் அகப்பட்டது. கருப்பு அதிகமுள்ள படம் வந்தால் திரை தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும் ஒரு வசதி. மின்சாரம் மிச்சமாம்! அதை நிறுத்தப் போனவன் கையை எடுத்தான். அக்காவிடம் காட்ட வேண்டும்.

"அக்கா! ஓடி வா! என் கண்ணு நல்லாத்தான் இருக்கு! திரைதான் திருட்டுத்தனம் பண்ணியிருக்கு!"

"என்னடா கண்ணு?" என்று வந்தவளிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "பைத்தியக்காரா! இவ்வளவையும் மனசுல வெச்சுக்கிட்டா சுத்திக்கிட்டிருந்த?"

"அதை விடு. இப்ப திறக்கறேன், பாரு. இருட்டும். பாத்தியா?"

அக்கா பார்த்தாள். "எங்க?"

"விளையாடாதேக்கா."

"நான் எங்கடா விளையாடறேன்? அப்படியேதானே இருக்கு."

முள் இறங்கித்தான் இருந்தது. அவன் முகத்தில் சிரிப்பு இன்னும் மீதியிருந்தது, அதை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. மென்பொருளை மூடினான். முள் ஏறியது. "இப்போ?"

"அதே மாதிரிதான்" என்றாள். குரல் இறங்கிவிட்டது. குனிந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மீட்டரில் முள்ளைத் தேடினாள்.

நடுவில் இல்லாத ஸ்டாண்ட் அவள் காலில் இடித்தது. மூக்கில்லாத படங்கள் அவளுக்கு அழகாகத் தெரிந்தன. கொஞ்சம் முன்னால் தன் கண் தப்பியதென்று சிரித்தது நினைவுக்கு வந்து அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அக்கா நிமிர்ந்தாள். பிரிண்ட் வெட்டும் அறையைத் திரும்பிப் பார்த்தாள்.

"டேய், நேத்து மாட்டின லைட்டு… நல்லா எரியுதா?"

அறை பட்டப்பகலாக இருந்தது.

"எரியுதுக்கா."

அவள் நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள். அவன் போனை எடுத்தான். ஆஸ்பத்திரிப் பெண் அவன் குரலைக் கேட்டதுமே கண்டுபிடித்துவிட்டாள்.

"சொல்லுங்க சார், மறுபடியும் தள்ளிப் போடணுமா?"

"இல்லைங்க. இப்பவே கிளம்பி வர்றோம்" என்றான். "பேரை மட்டும் மாத்திக்குங்க."