சௌகரியப்படும்போது

காலையிலிருந்து பிரசவ வலியோடு கிடந்த என் மனைவி அமிர்தத்துக்கு மத்தியானம் ரத்தம் போக ஆரம்பித்தது. கட்டில் பக்கம் நர்ஸ் யாரும் இல்லை. மாமியார் காளியாயி ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு ஓடி வந்து என் சட்டையைப் பிடித்தார். "டாக்டரம்மாகிட்ட இங்கிலீஷ்ல சொல்லுங்க மாப்ள. அப்பதான் மதிப்பாங்க."

திருச்சி மாப்பிள்ளை இங்கிலீஷ் பேசுவார் என்று ஜீயபுரம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவர் அவர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள்; எனக்கு வாய்த்ததோ குமாஸ்தா வாய். 1953இல் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 'கைண்ட்லி' போடாமல் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தை ஹெட் கிளார்க் என் முகத்துக்கு நேரே கிழித்துப் போட்டார். "கேக்கறியா, உத்தரவு போடறியா?" அதிலிருந்து எட்டு வருஷமாக யாரிடம் எதைக் கேட்டாலும் நாலு பணிவான வார்த்தையைப் போர்த்தித்தான் கேட்பேன்.

டாக்டரம்மா அறையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கதவருகே நின்று செருமினேன். "எக்ஸ்க்யூஸ் மீ, மேடம்" என்று ஆரம்பித்து, தயவுசெய்து, தங்களுக்குச் சிரமமில்லையென்றால், சௌகரியப்படும்போது என் மனைவியை வந்து பார்க்க முடியுமா என்று இங்கிலீஷில் ஒரு தப்பில்லாமல் கேட்டேன். ரத்தம் என்று சொல்லவில்லை. ஒரு பெண்மணியிடம் அதைச் சொல்வது அநாகரிகமாகப் பட்டது. அவர் நிமிர்ந்து சிரித்தார். எழுதுவதை முடித்துவிட்டு வருவதாக இங்கிலீஷிலேயே சொன்னார். "தேங்க் யூ, மேடம்" என்று திரும்பினேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

கால் மணி நேரம் போயிற்று. மறுபடி போய்க் கேட்பது மரியாதையில்லை என்று நின்றேன். மாமியாருக்குப் பொறுக்கவில்லை. என்னைத் தள்ளிவிட்டு அறைக்குள் புகுந்தார். "ஏ தாயி, எந்திரிம்மா! எம்பொண்ணு ரத்தத்துல கெடக்குறா!"

டாக்டரம்மா பேனாவைக்கூட மூடவில்லை. ஓடினார்.

உள்ளே கதவைச் சாத்திவிட்டார்கள். வராந்தாவில் இருந்த பெண்களிடம் மாமியார் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார்: "எம்மாப்புள இங்கிலீஷ்லயே சொன்னாரு. அப்பவும் வரல பாருங்க." அவர்கள் டாக்டரம்மாவைத் திட்டினார்கள். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஒருத்தி, "குடிங்கண்ணே" என்று சோடா வாங்கி வந்து கொடுத்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ஆனாலும் வாங்கிக் குடித்தேன்.

கதவு திறந்தது. டாக்டரம்மா கழுவிய கையோடு வெளியே வந்து, தமிழில் மெதுவாகச் சொன்னார்: "அமிர்தம் பொழைச்சிட்டாங்க. குழந்தையைக் காப்பாத்த முடியல. கொஞ்சம் முன்னாடி தெரிஞ்சிருந்தா…"

"எம்மாப்புள அப்பவே வந்து சொன்னாரேம்மா! ஏம்மா வரல?" என்று மாமியார் அலறினார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். மாமியாரும் திரும்பி என்னைப் பார்த்தார். டாக்டரம்மாவின் முழங்கையிலிருந்து தண்ணீர் சிவப்புச் சிமெண்டுத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.