யாஸீன் என்று கேட்டது

மக்காவிலிருந்து வந்த ஜம்ஜம் தண்ணீரில் நனைத்த பஞ்சை அஸ்ஃபியா, சாகக் கிடந்த தன் வாப்பாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோது அவர் கண்ணைத் திறந்து உம்மாவைப் பார்த்தார். வாய் மெல்லத் திறந்தது. "ஆ..." என்றார். பிறகு பாடுபட்டுப் பல்லைச் சேர்த்து, "ஸீ..." என்றார்.

அஸ்ஃபியாவின் கை அப்படியே நின்றது. ஆஸியா என்பது உம்மாவின் பெயர். இன்னும் ஓர் எழுத்துதான் பாக்கி.

"மச்சான் யாஸீன் ஓதச் சொல்றாங்க," என்றார் தலைமாட்டில் நின்ற நஸ்ருதீன் மாமா.

உயிர் பிரியும் நேரத்தில் ஓதுகிற அந்தக் குர்ஆன் அத்தியாயத்தை ஒரு முறை ஓதிவிட்டுக் கூடத்தில் ஓய்ந்திருந்த பெண்கள் மறுபடி தொடங்கினார்கள். உம்மாவும் கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்துகொண்டாள். "கொஞ்சம் இருங்க மாமா, வாப்பா சொல்லி முடிக்கட்டும்" என்று அஸ்ஃபியா சொன்னது யார் காதிலும் விழவில்லை. இன்னும் சத்தமாகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. யாஸீனை நிறுத்துங்கள் என்று எந்த மகள் சொல்வாள்? வாப்பாவின் வாய் இன்னொரு தடவை திறந்து மூடியது. பார்வை உம்மாவின் முகத்திலேயே இருந்தது. ஓதி முடிப்பதற்குள் அவர் போய்விட்டார்.

பக்கவாதம் வந்ததிலிருந்து வாப்பா மதார் சாகிபின் பேச்சு விசித்திரமாகிப் போயிருந்தது. தொழுகையில் ஓதுவதெல்லாம் தடங்கலில்லாமல் வரும். தண்ணீர் வேண்டுமென்று கேட்க வராது. மனப்பாடமானது தானாக வந்துவிடும், தேடிச் சொல்ல வேண்டியதுதான் வராது என்று விளக்கினாள் இளவேனில். காரைக்காலில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண். திருமலைராயன்பட்டினத்திலிருந்து அஸ்ஃபியாதான் அவரை ஆட்டோவில் கூட்டிப்போவாள்.

முதலில் தண்ணீர், சோறு என்று பழக்கலாமென்றாள் அஸ்ஃபியா. இளவேனில் ஒத்துக்கொள்ளவில்லை.

"பேசப்போறது அய்யா. எந்த வார்த்தைன்னு அவங்கதான் சொல்லணும்."

பரப்பி வைத்த படங்களையெல்லாம் வாப்பா ஒதுக்கித் தள்ளினார். அஸ்ஃபியாவின் போனை வாங்கி, அதில் உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்த படத்தைத் தொட்டுக் காட்டினார். அவர் அவளைக் கூப்பிட்டதெல்லாம் கல்யாணமான புதிதில் 'இந்தா', பிள்ளை பிறந்தபின் 'அஸ்ஃபியா உம்மா'. பெயர் சொல்லி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. எப்படியும் முதலிலிருந்துதான் பேசக் கற்க வேண்டும், பெயரிலிருந்தே தொடங்கினால் என்ன என்று தோன்றியிருக்க வேண்டும். மனுஷருக்கு அந்த வயதில் வந்த ஆசையைப் பாருங்கள்.

இளவேனில் பெயரைத் துண்டு துண்டாக உடைத்துக் கொடுத்தாள். 'ஆ' நிலைத்தபிறகுதான் 'ஸி'. களைத்துப்போனால் நிறுத்திவிட வேண்டும். அதுவும் வந்த எழுத்தைச் சொல்லவைத்து நிறுத்த வேண்டும். அவர் திணறும்போது பக்கத்திலிருப்பவர்கள் எடுத்துக்கொடுக்கக் கூடாது, காத்திருக்க வேண்டும். வீட்டில் பழகும்போது உம்மா உள்ளே வந்தால் வாப்பா வாயை இறுக்கிக்கொண்டு சன்னலைப் பார்ப்பார். முழுப் பெயரும் வந்தபின்தான் அவளுக்குத் தெரிய வேண்டுமாம். அப்பனும் மகளும் என்னத்தையோ மறைக்கிறீர்கள் என்று அவள் முணுமுணுப்பாள். 'யா'வுக்கு வருவதற்குள் இரண்டாவது தடவையாக வாதம் அடித்துவிட்டது.

அடக்கம் முடிந்து விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் உம்மா ஒன்றையே சொன்னாள். யாஸீனை வாய்விட்டுக் கேட்டு, அதைக் கேட்டுக்கொண்டே போனார், இப்படியொரு மௌத்து யாருக்குக் கிடைக்கும் என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவளுக்கு அழுகை நின்றது. உண்மையைச் சொன்னால் உம்மாவுக்கு மிஞ்சிய ஒரே ஆறுதலும் போய்விடும். சொல்லாவிட்டால் வாப்பா பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும். அஸ்ஃபியா சொல்லத்தான் நினைத்தாள், ஒவ்வொரு தடவையும் யாராவது வந்துவிட்டார்கள்.

மறுநாள் இளவேனில் வந்தாள். கடைசி நேரத்தில் நடந்தது தெரியாதவள், உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டாள்.

"அய்யா உங்களப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்களாம்மா? அதுக்குத்தான் அவ்வளவு பாடுபட்டாங்க."

"எம் பேரையா?"

உம்மா மகளைப் பார்த்தாள். அஸ்ஃபியா தலையசைத்தாள்.

உம்மாவின் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. யாஸீன் என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு ஆஸி என்றாள். அதற்கு மேல் போகவில்லை.

"என்னையத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க," என்றாள். "நாந்தான் கண்ண மூடிக்கிட்டேன்."

இளவேனில் பதறிப்போய் அஸ்ஃபியாவைப் பார்த்தாள். உம்மா அவள் கையை விட்டுவிட்டு, விரிப்பை உருவிப் போட்டிருந்த வாப்பாவின் கட்டிலின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"என்னங்க," என்றாள், கூப்பிட்ட குரலுக்குப் பதிலாக.