உள்தாழ்ப்பாள்

கதவு என்றால் எனக்கு அத்துப்படி. முப்பது வருஷமாக மரத்தோடு மல்லுக்கட்டுகிற தச்சன் நான்; வாய் கொஞ்சம் நீளம், வேலை சுத்தம். அதனால்தான் ஓவியக்காரம்மா என்னைத் தேடி வந்தார்.

"மேஸ்திரி, கண்காட்சிக்கு ஒரு சின்ன அறை செய்யணும். நாலடிக்கு அஞ்சடி. ஒரு கதவு, உள்தாழ்ப்பாள். வெளியில பூட்டு, கைப்பிடி எதுவும் கூடாது."

"யாரைம்மா உள்ள அடைக்கப் போறீங்க? ஆடா, மாடா?"

"மனுஷங்களைத்தான்" என்று சிரித்தார். "உள்ள போய்த் தாழ் போட்டுக்கிட்டு எவ்வளவு நேரம் வேணும்னாலும் உட்காரலாம். யாரும் தட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது. அதுதான் என் படைப்பு."

ஒரு வருஷமாக ஊரெல்லாம் அலைந்து, மனசு தாங்காதபோது எங்கே போய் ஒதுங்குவீர்கள் என்று கேட்டு, ஆளுக்கு ஆள் சொன்ன இடங்களை அவர் வரைந்து வைத்திருந்தார். நிறுத்தி வைத்த காருக்குள் ஒருவர். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒருவர். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு பெண். வேலையற்ற வேலை என்று நினைத்துக்கொண்டேன். வாய் விட்டுச் சொல்லவில்லை, நல்ல மனுஷி.

நாலே நாளில் அறையை முடித்தேன். கதவை ஆட்டிப் பார்த்தவருக்கு முகம் சுருங்கியது.

"கீலெல்லாம் வெளிப்பக்கம் இருக்கே மேஸ்திரி? கம்பியை உருவினா கதவே கையோட வந்துடுமே."

"வரணும்னுதான் வச்சேன்."

"அப்புறம் உள்ள இருக்கறவங்களுக்கு என்ன நிம்மதி?"

"நிம்மதி கிடக்கட்டும்மா! ஆள் உயிரோட வெளிய வர வேண்டாமா?"

கத்திவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவை மெல்லச் சாத்தினார். கீல் அப்படியே இருந்தது.

அவருக்கு என்ன தெரியும்? எங்களுக்கு ஒரே பெண். பதினேழு வயதிலும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்கு வலிப்பு உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் குளிக்கப் போனவள் உள்ளே விழுந்துவிட்டாள். தாழ்ப்பாளும் உள்ளே, கீலும் உள்ளே. நானே இழைத்து மாட்டிய கதவு அது. பத்துப் பேர் இடித்தாலும் அசையாது என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். அசையத்தான் இல்லை. கோடாலியைத் தேடி எடுத்துப் பிளந்துகொண்டு போவதற்குள் பாப்பா போய்விட்டாள். பாவி நான்.

எல்லாம் முடிந்த மறுநாள், வீட்டில் இருந்த தாழ்ப்பாள் அத்தனையையும் கழற்றி எறிந்தேன். குளியலறைக்கு இன்றுவரை திரைச்சீலைதான். ஏன் என்று என் மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் அழுதும் நான் பார்த்ததில்லை. கல்நெஞ்சுக்காரி என்று ஒரு நாள் கோபத்தில் திட்டியிருக்கிறேன். அதற்கும் அவள் பேசாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

கண்காட்சியின் முதல் நாள், வீட்டிலிருப்பவர்களையும் கூட்டி வரும்படி ஓவியக்காரம்மா சொல்லியிருந்ததால் என் மனைவியோடு போனேன். ஒவ்வொரு படமாக நின்று பார்த்தாள். குழாயைத் திறந்துவிட்டுவிட்டுக் குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழும் ஒரு பெண்ணின் படத்தை விட்டு அவள் நகரவே இல்லை.

"இவளுக்காவது கதவுன்னு ஒண்ணு இருக்கு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அதற்குள் அவள் நான் செய்த அந்த அறைக்கு முன்னால் வரிசையில் போய் நின்றுவிட்டாள். முறை வந்தது, உள்ளே போனாள், தாழ் விழுந்தது.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. "வந்துடுவாங்க மேஸ்திரி, பயப்படாதீங்க" என்றார் ஓவியக்காரம்மா. என் காதில் எங்கே ஏறுகிறது? கடைசி நேர வேலைக்கென்று கொண்டு வந்திருந்த பையிலிருந்து சுத்தியலையும் திருப்புளியையும் எடுத்தேன். அவர் ஓடி வந்து கையைப் பிடித்தார்.

"விடுங்கம்மா! ஒருத்தியைப் பறிகொடுத்தது போதும்."

உதறிவிட்டு, மேல் கீலில் திருப்புளியைக் கொடுத்து ஒரு தட்டுத் தட்டினேன். கம்பி அரை அங்குலம் எழும்பியது.

"ஏங்க."

கதவுக்கு வெகு பக்கத்தில் அவள் குரல்.

"உயிரோடதான் இருக்கேன். கழட்டாதீங்க."

"உள்ள என்னம்மா பண்றே?"

"பாப்பாவை நினைச்சு அழுதுக்கிட்டிருக்கேன். வீட்டுல அழுதா நீங்க தாங்க மாட்டீங்க. இங்கயாவது விடுங்களேன்."

அதற்கு மேல் அவள் அடக்கவில்லை. பெற்ற வயிறு எரிகிற அழுகை. கதவைப் பெயர்த்துப் போட்டுவிட்டு ஓடிப் போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. சுத்தியலை ஓங்கிய கையை இறக்குவதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கம்பியைக் கட்டைவிரலால் அழுத்தி மறுபடி உள்ளே இறக்கினேன். கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தேன். அவள் விம்முவது பலகை வழியாக என் முதுகில் அதிர்ந்தது.

வரிசையில் அடுத்து நின்றவர் குனிந்து மெல்லக் கேட்டார்: "உள்ள யாருங்க? இன்னும் ரொம்ப நேரமாகுமா?"

"என் சம்சாரம்" என்றேன். "மூணு வருஷத்து அழுகைங்க. முடிச்சிட்டு அவளே தொறந்துக்கிட்டு வருவா."