கைகுலுக்காத ஞாயிறு

குதிரைகள் வந்து நின்றபோது நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம். அதுதான் எங்கள் வழிபாடு. மற்ற சபைகளில் பாட்டு உண்டு, பிரசங்கம் உண்டு, காணிக்கைத் தட்டு உண்டு. எங்கள் நண்பர்கள் சபையில் பெஞ்சு மட்டும் உண்டு. ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம். யாருக்காவது உள்ளேயிருந்து ஒரு சொல் எழும்பினால் எழுந்து சொல்லலாம், யாரும் குறுக்கே பேசமாட்டார்கள். எழும்பாவிட்டால் இன்னும் விசேஷம். முன்னால் எங்களைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் பெரியவர்கள் இரண்டு பேர் கைகுலுக்கிக்கொண்டால் கூட்டம் முடிந்தது என்று பொருள். அதுவரை யாரும் எழுந்திருப்பதில்லை. அந்த இரண்டு பேர் என் மாமா எலைஹுவும் பக்கத்துப் பண்ணை ஜேபஸும். இவர்கள் கைகுலுக்குவதை வைத்து ஊரில் சிலர் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வதாகப் பேச்சு.

நான் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தேன். மாநிலங்களின் உரிமை பற்றி எங்கள் விவாத மன்றத்தில் ஆதரித்தும் எதிர்த்தும் பேசி இரண்டு தடவையும் பரிசு வாங்கியவன். ஆகவே ஜன்னலின் உடைந்த கண்ணாடி வழியாகக் கேட்ட உரையாடலை ஒரு நிபுணனின் அக்கறையோடு கேட்டேன். அடிமை முறை நடக்கும் கென்டக்கியிலிருந்து, தப்பி வந்த ஓர் அடிமையைப் பிடிக்க, ஆற்றைத் தாண்டி இரண்டு கூலியாட்களோடு வந்திருந்த டாலிவர் என்பவர் கத்திக்கொண்டிருந்தார். எங்கள் ஷெரீஃப் ப்ரூயிட் கத்தவில்லை.

"உள்ளதான் இருக்கா. லெட்டின்னு பேரு. என் அண்ணனோட சொத்து. கமிஷனர் கையெழுத்துப் போட்ட காகிதம் இந்தா. இழுத்துட்டு வர்றதுக்கு என்னய்யா தடை?"

"தடையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. கூட்டம் முடியட்டும்."

"இது வாஷிங்டன்ல போட்ட சட்டம்! ஊர்ல ஒவ்வொருத்தனும் எனக்கு ஒத்தாசை பண்ணணும்!"

"வாஸ்தவம். ஆனா சாமி கும்பிடற எடத்துல பூந்து கலாட்டா பண்றவனப் பிடிச்சு உள்ள போடணும்னு எங்க இந்தியானால ஒரு சட்டம் இருக்கே. எனக்குச் சோறு போடறது இந்தியானாங்க."

"உங்க ஊர் சட்டத்தக் கொண்டுபோய்க் குப்பையில போடு."

"அப்படிச் சொல்லிட்டா எப்படி? காலைல சத்திரத்துல சாப்பிடறப்போ நீங்கதான சொன்னீங்க, ஒரு மாநிலம் தனக்குன்னு வச்சிக்கிட்ட சட்டத்துல வாஷிங்டனே ஆனாலும் மூக்க நுழைக்கக் கூடாதுன்னு? நான் முட்டை ஆறிப்போனதுகூடத் தெரியாம கேட்டுக்கிட்டிருந்தேன். என்னா பேச்சு! அப்படியே மனசுல நின்னுபோச்சு."

எங்கள் விவாத மன்றத்தில் இவ்வளவு நல்ல பதிலை நான் கேட்டதில்லை. டாலிவர் இரண்டு கதவுகளிலும் கதவுக்கு ஒரு கூலியாளாக நிறுத்திவிட்டு, ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தபடி கட்டடத்தைச் சுற்ற ஆரம்பித்தார். முதலில் பார்த்தது பின்பெஞ்சை. மாடிப்படிக்கு அடியில் ஒரு பெஞ்சு உண்டு, கறுப்பர்கள் வந்தால் உட்கார. மனிதர் யாவரும் சமம் என்று நூறு வருடமாகச் சொல்லிவரும் சபை எங்களுடையது. அந்த பெஞ்சை மட்டும் ஏனோ யாரும் நகர்த்தியதில்லை. அன்று அது காலியாக இருந்தது. ஆள் பிடிக்கிறவர்கள் சத்திரத்தில் தங்கியிருக்கிறார்கள் என்று காலையில் தகவல் வந்ததும், ரோடா அத்தை லெட்டிக்குத் தன் சாம்பல்நிற உடுப்பையும், முகத்தை மூன்று பக்கமும் மறைக்கும் முக்காட்டுத் தொப்பியையும், கையுறையையும் மாட்டி, பெண்கள் பக்கம் நடு வரிசையில் தனக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டாள். வசந்த காலத்திலிருந்து எங்கள் பால்கொட்டிலில் வேலை செய்தும் லெட்டி நடு பெஞ்சில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. அதற்கு ஒரு கென்டக்கிக்காரர் வரவேண்டியிருந்தது.

அவளைக் காப்பாற்ற யாரிடமும் திட்டம் இல்லை. கூட்டம் முடிந்தால் அவளை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே கூட்டம் முடியக் கூடாது. இவ்வளவுதான், அதையும் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. மதியம் தாண்டியது. வயிறுகள் வழிபாட்டில் கலந்துகொள்ளத் தொடங்கின. கைக்குழந்தைகள் அழுது, பால் குடித்து, மறுபடி அழுதன. மாமா உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். திடுக்கென்று விழித்தவர், நேரமாகிவிட்டதை உணர்ந்து, பழக்கதோஷத்தில் ஜேபஸை நோக்கி வலது கையை நீட்டினார்.

மொத்தக் கூட்டமும் மூச்சை நிறுத்தியது. கை நடுவில் நின்றது. ஜேபஸ் அந்தக் கையைப் பார்த்தார். முப்பது வருடமாகப் பற்றிய கை. பிறகு தன் இரண்டு கைகளையும் எடுத்து மெதுவாகத் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். மாமாவுக்கு அப்போதுதான் முழுசாக விழிப்பு வந்தது. முகம் வெளுத்துப்போய், கையை யாரோ அவரிடம் கொடுத்துவைத்த பொருளைப் போலப் பார்த்தார்.

மூன்று மணிக்கு மேல் மழை பிடித்தது. அக்டோபர் மழை, எலும்பு வரை போகிற வகை. கூலியாட்கள் இருவரும் குதிரைக் கொட்டகைக்குள் ஓடினார்கள். வாயைத் திறக்காமல் உட்கார்ந்தால் தப்பில்லை என்று ஷெரீஃப் அனுமதி கொடுக்க, டாலிவர் நனைந்த தொப்பியோடு உள்ளே வந்து கண்ணில் பட்ட காலி பெஞ்சில் உட்கார்ந்தார். மாடிப்படிக்கு அடியில். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்தேன், அதற்குப் பிறகு சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்து ரத்தம் வந்தது.

அந்தச் சிரிப்பு அதிக நேரம் நிலைக்கவில்லை. நடு வரிசையில் லெட்டி எழுந்து நின்றாள்.

"எனக்குப் பிரசங்கம் பண்ணத் தெரியாது" என்றாள். வெண்ணெய் கடையும்போது எங்களைக் கேலி பண்ணும் அதே குரல். "புள்ளைங்க காலைலேர்ந்து கத்துது. எனக்காக இத்தன பேர் பட்டினி கெடக்கறதப் பாத்துக்கிட்டு என்னால உக்கார முடியல. நான் வெளிய போறேன். நீங்க வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க."

எங்கள் கூட்டத்தில் ஒருவர் பேசினால் யாரும் பதில் சொல்வதில்லை. சொன்னதை மௌனமாக யோசிக்க வேண்டும். எல்லாரும் யோசித்தார்கள். லெட்டி வெளியே போகத் திரும்பினாள். பெஞ்சுகளுக்கு நடுவே இடம் குறைவு. உட்கார்ந்திருப்பவர்கள் முழங்காலை ஒதுக்கினால்தான் நகர முடியும். ரோடா அத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கால் அசையவில்லை. அந்தப் பக்கம் ஜேபஸின் மனைவி ஹல்டா. அவளும் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வரிசை முழுக்க முழங்கால்கள், வேலி அடித்த மாதிரி. லெட்டி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். தோள்கள் குலுங்கின. அழுதாளா சிரித்தாளா தெரியாது, தொப்பி மறைத்தது.

"அவதான்!" என்று பின்பெஞ்சிலிருந்து டாலிவர் துள்ளி எழுந்தார். "அதோ! நடுவுல! அவதான்!"

கதவோரம் நின்றிருந்த ஷெரீஃபின் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து இதற்காகவே காத்திருந்தவர் போல வந்து டாலிவரின் தோளில் கையை வைத்தார். "வழிபாட்டுல கலாட்டா. வாங்க சார், போலாம்."

முடிந்தது என்று நினைத்தேன். அப்போது மாமா எழுந்தார்.

"ப்ரூயிட், அவன விடு. அவன் கலாட்டா பண்ணல." எங்கள் ஆட்கள் யாரையும் நீங்க என்று அழைப்பதில்லை, ஜனாதிபதி வந்தாலும் நீதான். "உள்ளேர்ந்து ஒரு வார்த்த எழும்புச்சு, எந்திரிச்சு சொன்னான். எங்க கூட்டத்துல யாரு வேணா பேசலாம். அதக் குத்தம்னு சொன்னா நான் பொய் சொன்னதா ஆயிடும். நண்பா, நீ உக்காரு."

மாமா பொய் சொல்லக்கூட வேண்டியதில்லை. சும்மா இருந்திருந்தால் போதும். வாழ்நாள் முழுக்க சும்மா இருக்கப் பயின்றவர். ஷெரீஃப் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். கல்லூரியில் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறோம், நல்ல சொல் அல்ல. ஆனால் வெள்ளைத் தாடியோடு நின்ற அந்த மனிதரை அப்போது அந்தச் சொல்லால் நினைக்க எனக்கு மனம் வரவில்லை. எதிரிக்கும் அதே நியாயத்தை அளந்து கொடுத்துவிட்டு, அவர் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டார். டாலிவரும் உட்கார்ந்தார். அவர் சொன்ன "அவதான்" என்பதை எல்லாரும் மௌனமாக யோசிக்கத் தொடங்கினார்கள்.

ஐந்தரைக்கு இருட்டத் தொடங்கியது. எங்கள் கூடத்தில் விளக்கு கிடையாது. இதுவரை தேவைப்பட்டதில்லை. "விளக்கு எங்கய்யா?" என்று டாலிவர் கிசுகிசுத்தார். "ஆள் அனுப்பியிருக்கேங்க" என்று கதவிலிருந்து ஷெரீஃப் கிசுகிசுத்தார். "நல்ல பையன். குதிரைக்குத்தான் ஒரு கால் நொண்டி." சாம்பல்நிறத் தொப்பிகள் ஒவ்வொன்றாக இருட்டில் கரைந்தன. முதலில் கடைசி வரிசை, அப்புறம் ஓரங்கள், அப்புறம் நடு. கொஞ்ச நேரத்தில் என் கையே எனக்குத் தெரியவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் இருந்தது.

பெண்கள் பக்கம் நடு வரிசையில் முழங்கால்கள் ஒதுங்கும் சரசரப்பு கேட்டது. பிறகு, சோளக்கொல்லையைப் பார்த்த ஜன்னலில், மழையில் ஊறிய மரச்சட்டம் மேலே ஏறி மெல்ல முனகியது.

"என்ன சத்தம் அது?" என்றார் டாலிவர்.

மாமா இருமினார். அவருக்கு இருமல் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஜேபஸ் இருமினார். எனக்கு முன் வரிசையில் ஒருவர், அப்புறம் இருவர். பிறகு ஆண்கள் பக்கம் முழுவதையும் இருமல் பிடித்துக்கொண்டது. தொண்டையைக் கனைத்தும் மார்பைத் தட்டியும் பெஞ்சே அதிரும்படி எல்லாரும் இருமினோம். அந்த இரைச்சலுக்கு நடுவே ஈரச் சோளத்தட்டையின் வாசனையோடு குளிர்காற்று உள்ளே புகுந்து எங்கள் முகங்களைத் தொட்டுக்கொண்டு போனது.