பின்சீட்டில் மல்லையன்

சுமித்ரா அக்காவின் விமானத்தை விமானம் என்று சொன்னால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். மூன்று சக்கரம், துணி இறக்கை, முன்னால் ஒரு சீட்டு, அதை ஒட்டிப் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். அவ்வளவுதான். ஆனால் பறக்கும். பாப்பாரப்பட்டிப் பக்கம் மல்லையன் அண்ணனின் கொள்ளு அறுத்த காட்டிலிருந்து ஞாயிறுதோறும் அது கிளம்புவதை ஆறு மாதமாகத் தரையில் நின்று பார்த்தவன் நான். பொம்மிடியில் மாமாவின் மொபெட் பட்டறையில் வேலை. எஞ்சின் வீடியோ ஒன்றைக்கூட விட்டுவைத்ததில்லை. அக்காவிடம் வாயடித்து வாயடித்தே அவருக்கு மெக்கானிக் ஆகிவிட்டேன்.

எஞ்சினில் யார் கை வைத்தார்களோ அவர்தான் அடுத்த முறை பின்சீட்டில் ஏற வேண்டும் என்பது அக்காவின் சட்டம். அவர் பறக்கக் கற்ற இடத்தில் அப்படித்தானாம். அந்தச் சீட்டுக்காகத்தான் நான் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை வாய்ப்பு வந்தது. சிலிண்டரிலிருந்து வெளியேறும் புகையின் சூட்டைக் காட்ட இரண்டு மீட்டர்கள் உண்டு. முன் சிலிண்டர் 590 டிகிரி, பின் சிலிண்டர் 640. 650ஐத் தாண்டினால் பிஸ்டன் உருகிப் பிடித்துக்கொள்ளும். மொபெட்டில் என்றால் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகலாம். மேலே எங்கே தள்ளுவது?

"மொதல்ல மீட்டர் பொய் சொல்லுதான்னு பாரு. ரெண்டு சென்சாரையும் எடம் மாத்தி மாட்டு" என்றார் அக்கா.

மாட்டினேன். சென்சார் மாறியும் சூடு பின் சிலிண்டரிலேயே இருந்தது. அப்படியென்றால் மீட்டர் பொய் சொல்லவில்லை. அக்கா ஓசூரில் இருக்கும் மாதவராஜ் சாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். இந்த வகை எஞ்சினில் அவர் சொல்வதுதான் எங்களுக்கு வேதம்.

"பெட்ரோல் பத்தல, இல்லன்னா எங்கியோ காத்து இழுக்குது. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இருக்கற ரப்பரக் கழட்டி, மடக்கி, வெடிப்பு இருக்குதான்னு பாருங்க. இல்லன்னா ஊசிய ஒரு காடி ஏத்திப் பாருங்க" என்றார் அவர்.

"புரிஞ்சுதாடா கலைமணி?"

"என்னாக்கா நீங்க! மொபெட்ல தெனம் பண்றதுதான."

அக்கா பெட்ரோல் வாங்கப் போனார். நான் ரப்பரைக் கழற்றவில்லை. மேலாகத் தடவிப் பார்த்தேன், பளபளவென்று இருந்தது, விட்டுவிட்டேன். நேரே ஊசிக்குப் போனேன். கார்புரேட்டருக்குள் தொங்கும் ஊசியில் வரிவரியாகக் காடிகள் வெட்டியிருக்கும். ஒரு காடியில் சின்ன கிளிப் மாட்டியிருக்கும். எங்கள் பட்டறையில் ஊசி என்று யாரும் பேசுவதில்லை. கிளிப்பை ஏத்து, கிளிப்பை இறக்கு, அவ்வளவுதான் பேச்சு. மாதவராஜ் சார் ஏற்றச் சொன்னது ஊசியை. நான் ஏற்றியது கிளிப்பை. கிளிப் மேலே போனால் ஊசி கீழே இறங்கும், பெட்ரோல் இன்னும் குறையும். எனக்கு இது தெரியாதது இல்லை. கை பழகிய பக்கம் போய்விட்டது.

விமானத்தைப் புளிய மரத்தில் கட்டி முறுக்கினேன். 670.

உடனே நிறுத்தினேன். அப்போதே போன் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். போட்டு என்ன சொல்வது? மொபெட்காரன் என்று மாதவராஜ் சார் சிரிப்பார். அக்கா நாளைக்கு வேறு யாரையாவது வரச் சொல்வார். இரண்டு வருஷமாகப் பார்த்த வீடியோக்களில் ஒன்றில் ஒருவன் சொல்லியிருந்தான், சென்சாரை எப்படி மாட்டக் கூடாது என்று. அதையே செய்தேன். நட்டைத் தளர்த்தி, புகைக்குழாய்க்குள் இருந்த சென்சார் முனையை அரை விரல் வெளியே இழுத்து, நட்டை இறுக்கி, எஞ்சினை மறுபடி முறுக்கினேன். மீட்டர் 605 காட்டியது.

"சரியாயிடுச்சுக்கா" என்றேன் அக்கா வந்ததும்.

அவர் மீட்டரைப் பார்த்தார். என் முதுகில் தட்டினார். "பரவால்லயேடா! நாளைக்குக் காலைல நீதான் பின்னாடி."

ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் காற்றே இல்லை. பறப்பதற்கு அதைவிட நல்ல காலை கிடைக்காது. அக்கா ஹெல்மெட்டை நீட்டினார். என் கை போகவில்லை.

"வயிறு ஒரு மாதிரி இருக்குக்கா."

"என்னாடா, ஆறு மாசமா உசுர எடுத்த. இப்ப வயிறா?"

பக்கத்தில் நின்ற மல்லையன் அண்ணன் சிரித்தார். வத்தல்மலையிலிருந்து இறங்கி வந்து இந்தக் காட்டை வாங்கியவர். "பயந்துகினான் புள்ள. தம்பி, நீ போயி நெழல்ல ஒக்காரு. சுமித்ரா, நான் வரன்மா. எங்க மலைய மேல இருந்து ஒருக்கா பாத்துடறன்."

"வாங்கண்ணா, சட்டத்த இன்னிக்கு ஒரு நாள் மாத்திக்கலாம்" என்றார் அக்கா.

அண்ணன் ஏறினார். எஞ்சின் கிளம்பியது. விமானம் குலுங்கியபடி காட்டின் மறுகோடிக்கு ஓடியது. அங்கே போய்த் திரும்பி நிற்கும், பிறகு முழு வேகத்தில் வரும். நான் நின்றுகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் நான் நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன்: பத்து நிமிஷம்தான, ஒண்ணும் ஆகாது என்றுதான் நினைத்தேன்.

மறுகோடியில் அது திரும்பியது. எஞ்சின் சத்தம் ஏறியது. அந்தச் சத்தத்தில் ஒரு வறட்சி. அதைக் கேட்டதும்தான் கால் அசைந்தது. காட்டின் நடுவே ஓடினேன், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு. என்ன கத்தினேன் என்று தெரியாது. பத்தடி தூரத்தில் விமானம் நின்றது.

"செத்துருப்படா நீ!" என்று அக்கா கத்தினார்.

எல்லாவற்றையும் சொன்னேன், கிளிப், 670, சென்சார், எல்லாம். எஞ்சின் சத்தத்தில் மல்லையன் அண்ணனுக்குக் கேட்கவில்லை. அக்கா எஞ்சினை நிறுத்தினார், இறங்கினார், ஸ்பேனரை எடுத்தார். என்னைத் தொட விடவில்லை. ரப்பரைக் கழற்றி மடக்கினார். அடிப்பக்கம் நகம் நீளத்துக்கு ஒரு வெடிப்பு வாயைத் திறந்தது. ஊசியில் பிரச்சினையே இல்லை. புகைக்குழாயைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார். பிஸ்டனில் மெல்லிய கோடுகள், பிடித்துக்கொள்ளத் தொடங்கியதன் தடம்.

"கிளிப்ப மாத்திப் போட்டது தப்புதான். நானே போட்டிருக்கன் ஒரு காலத்துல" என்றார். குரல் உயரவேயில்லை. "சென்சார இழுத்து வெச்ச பாரு, அதுகூடப் போவட்டும். நான் ஒன்ன ஏறச் சொன்னப்ப ஒனக்கு வயிறு வலிச்சுது. அண்ணன் ஏறுனப்ப ஏன்டா வலிக்கல?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"எங்கிட்ட சொல்லிட்ட. அவருகிட்ட யாரு சொல்றது?"

இறக்கைக்கு அந்தப் பக்கம் தள்ளி நின்ற மல்லையன் அண்ணனிடம் போனேன். ஹெல்மெட்டோடு ஜாலியாகத்தான் கேட்டார். "என்னா தம்பி, வண்டி ரிப்பேரா? நான் ஏறுன ராசியா?"

"அண்ணா, எஞ்சின் சரியில்லைங்க. நேத்தே தெரியும். மீட்டர்ல பொய்யா காட்ட வெச்சிட்டங்க. மேல போயிருந்தா நின்னுருக்கும்."

"மீட்டர்லயே டூப்பா! கில்லாடிதான்" என்று சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். "அப்ப நான் ஏறுறப்ப ஒனக்குத் தெரியும்."

"தெரியுங்க."

"பெல்ட்டு இறுக்கமா இருக்குதான்னு ரெண்டு தபா இழுத்துப் பாத்தியே. அப்பவும்?"

பெல்ட்டை மாட்டிவிட்டது நான்தான். இவ்வளவு எழுதியும் அதை மட்டும் எழுதாமல் தாண்டி வந்திருக்கிறேன்.

"அப்பவும் தெரியுங்கண்ணா."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றப் பார்த்தார். தாடைக்குக் கீழே இருந்த வாரை அவருக்குக் கழற்றத் தெரியவில்லை. உதவ நான் கையை நீட்டினேன். ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார். தானே தடவித் தடவிக் கழற்றி, ஹெல்மெட்டை என் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.