முப்பத்துமூன்று சதவீதம்

மூன்றாவது மண் மூட்டையையும் வடிகாலின் வாயில் போட்டு ஏறி மிதித்தான் சேவுகன். குபுகுபுவென்று வெளியேறிக்கொண்டிருந்த தண்ணீர் திணறி நின்று, அவன் வயலுக்குள்ளேயே திரும்பியது. ஒன்றரை ஏக்கர் சம்பா. அறுப்புக்குப் பத்தே நாள் இருக்கும்போது கொட்டித் தீர்த்திருந்தது மழை.

"ஏங்க, புத்தி பேதலிச்சிருச்சா?" வரப்பிலிருந்து கத்தினாள் அவன் மனைவி மீனம்மாள். "விடிய நான் வெட்டிவிட்ட வடிகாலு. இன்னைக்கு வடிஞ்சா முக்காவாசி தேறும்!"

"வடிஞ்சிட்டா வி.ஏ.ஓ.வுக்கு எதைக் காட்டுறது, ஒன் மூஞ்சியவா? முப்பத்துமூணு சதவீதம் போயிருந்தாத்தான்டி நிவாரணம். ஒரு புள்ளி கொறஞ்சாலும் சல்லிக்காசு கெடையாது!"

பக்கத்து வயல் நாகராசு மொபெட்டை நிறுத்தினான். "என்ன மச்சான், நெல்லு நட்டியளா, விரால் வளக்குறியளா?"

"ஒன் நக்கலை அப்புறம் வச்சுக்க. வி.ஏ.ஓ. மேடம் எங்கிட்டு வர்றாங்க?"

"மேலத்தெருவுல போட்டோ எடுக்குறாங்க. இப்ப வந்துருவாங்க."

மீனம்மாள் சட்டென்று சேற்றில் இறங்கி ஒரு மூட்டையைப் பிடித்து இழுத்தாள். சேவுகன் அவள் கையைத் தட்டிவிட்டான். "அரை மணி நேரம்டி! பொறுக்க முடியாதா?"

அரை மணி, இரண்டு மணி நேரமானது. உட்கார்ந்தான், எழுந்தான், ரோட்டைப் பார்த்தான். பார்க்கப் பிடிக்காமல் விட்டது வயலைத்தான். காலையில் தண்ணீருக்கு மேலே நின்ற கதிர்கள் ஒவ்வொன்றாக முங்கிக்கொண்டிருந்தன.

ஒருவழியாக ஸ்கூட்டி வந்தது. வி.ஏ.ஓ. பிரகதீஸ்வரி இறங்கி, நாகராசு வயலைப் போனில் படமெடுத்தாள். திரும்பப் போய் ஸ்கூட்டியில் ஏறினாள்.

"மேடம்! என் வயலு!" சேறு தெறிக்க ஓடினான் சேவுகன்.

அவள் பைலைப் புரட்டினாள். "சேவுகன்தானே? ஒங்களுது நேத்தே முடிஞ்சிருச்சே. நீங்க கீரமங்கலம் பேங்குக்குப் போயிருந்தீங்களாம்."

அவன் பைலை எட்டிப் பார்த்தான். "எவ்வளவு போட்டிருக்கீங்க?"

"இருபத்தஞ்சு. நேத்து பள்ளத்து மூலை மட்டுந்தான் படுத்திருந்துச்சு. எதுக்கும் கேட்டுப் பாத்தேன், அவங்களும் அதையேதான் சொன்னாங்க. கையெழுத்தும் போட்டுட்டாங்க. நேத்து பாத்த வயலோட லிஸ்ட் காலையிலேயே தாலுகா ஆபீசுக்குப் போயிருச்சு."

"யாரு சொன்னா?"

பிரகதீஸ்வரி அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

சேவுகன் திரும்பினான். மீனம்மாள் தலை நிமிரவில்லை.

"நான்தாங்க. நேத்தே சொல்லலாம்னா ஒங்க கோவத்துக்குப் பயந்துட்டேன். 'பயிரு போயிருச்சா'ன்னு மேடம் கேட்டாங்க. கதிரோட நிக்கிறது புள்ளத்தாச்சி மாதிரி. அது முன்னால நின்னுக்கிட்டு, போச்சுன்னு சொல்ல எனக்கு வாய் வரலைங்க."